ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மட்டும் நன்றாக இருந்தவர்

போன மாதம் எங்கள் பழைய ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு வந்த பிறகு அந்தப் படியை மிதிப்பதில்லை என்று வீறாப்பாகத்தான் இருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகள் "ஆன்ட்டி வாங்க, ஒரே ஒரு நாள் வாங்க" என்று போனிலேயே என் உயிரை எடுத்துவிட்டார்கள். போனால், உட்காருவதற்கு முன்பே கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். திரையில் வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகம், மறு கோடியில் கண்ணீர் விடும் முகம். புது மருந்துச் சோதனைக்கு ஒப்புக்கொண்டு வரும் நோயாளிகள், தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இனிமேல் இதைத் தொட்டே சொல்லிவிடுவார்களாம்.

"இனிமே நாம வாயே திறக்க வேண்டாம் ஆன்ட்டி," என்றாள் அக்ஷதா. அங்கே இருக்கும் பிள்ளைகளில் தமிழ் நன்றாக வருவது அவளுக்குத்தான்.

"சரிடீம்மா, எல்லாரும் எந்த முகத்தைத் தொடறாங்க?"

"மோஸ்ட்லி சிரிக்கிறதைத்தான் ஆன்ட்டி."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏன் சிரித்தேன் என்று கேட்டார்கள் பிள்ளைகள். சொல்ல ஆரம்பித்தேன். பாதிகூட ஆகவில்லை, அவர்களுக்கு அவசர வேலை வந்து ஓடிவிட்டார்கள். ஆரம்பித்த பேச்சை முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மைசூரில் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் தமிழும் ஜெபமும், தெருவில் கன்னடமும் உருதுவும், பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் புகட்டிய இங்கிலீஷும். நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டேன், நோயாளி முன்னால் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு வெகு காலம் புற்றுநோய் வார்டு. அங்கிருந்து என்னை ஆராய்ச்சிப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனவர் டாக்டர் வசுந்தரா. "ரெஜினா, உங்களுக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாய் எனக்கு வேணும்," என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

டாக்டர் வசுந்தரா கன்னடக்காரர். தமிழை நோயாளிகளிடமிருந்தே பொறுக்கிக்கொண்டார். அதனால் அவர் தமிழில் கொள்ளேகால் விவசாயியும் இருப்பார், மைசூர் ஆட்டோக்காரரும் இருப்பார். ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு பேசவே மாட்டார். உயரம் குறைந்த ஒரு ஸ்டூல் வைத்திருந்தார். அதை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்துகொள்வார். பிறகு ஆரம்பிப்பார்: எந்த பஸ்ஸில் வந்தீர்கள், எந்தப் பக்கம் சீட்டு கிடைத்தது, ஜன்னலில் என்ன தெரிந்தது, நேற்று ராத்திரி என்ன சாப்பாடு. வெட்டிப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். மூளையில் நோய் உள்ளவருக்கு அது முழுப் பரிசோதனை. ஞாபகம் சரியாக இருக்கிறதா, இடது வலது தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, எல்லாம் அந்தப் பஸ் பயணத்திலேயே தெரிந்துவிடும்.

நான் சேர்ந்த முதல் நாள் காலையில் ஒரு பாட்டியம்மாவிடம், "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன் கண்ணு," என்றார் அவர். டாக்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"ரெஜினா, கல்யாண வீட்டுல போய் சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டா, யாராவது உப்பு இல்லேன்னு சொல்வாங்களா?"

"மாட்டாங்க மேடம்."

"இங்கேயும் அப்படித்தான். நல்லா இருக்கீங்களான்னு இந்த ஊர்ல கேக்க பேடா, வேண்டாம். நல்லா இருக்கேன்னுதான் பதில் வரும்."

அன்றோடு அந்தக் கேள்வியை விட்டேன். வீட்டில் என் கணவரைக்கூட அப்படிக் கேட்பதில்லை. "என்னடி, போலீஸ் மாதிரி நேத்து எங்க போனே, என்ன சாப்ட்டேன்னு கேக்கறே," என்று அவர் கேலி செய்வார்.

எங்களிடம் வந்த மருந்துகளில் என்னால் மறக்க முடியாதது ஒரு ஆன்டிபாடி. மூளையில் வரும் லிம்போமாவுக்கானது. லிம்போமா என்றால் நம் உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களிலேயே பிறக்கும் புற்றுநோய். சிலருக்கு அது வேறெங்கும் வராமல் நேராக மூளையில் போய் உட்காரும். ஆன்டிபாடி என்பது அந்த அணுக்களின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும் புரதம். அதை ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குள் கொஞ்சம்தான் போகும். அதனால் மூளையைச் சுற்றியிருக்கும் நீரிலேயே நேராக விட்டால் என்ன ஆகும், எவ்வளவு விட்டால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இது மிக ஆரம்பக் கட்டச் சோதனை. முதல் சிலருக்கு ரொம்பக் குறைந்த அளவு கொடுப்போம். அவர்கள் தாங்கினால்தான் அடுத்து வருபவர்களுக்குக் கூட்டுவோம். அதாவது ஒருவர் உடம்பு சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்தவருக்கு எவ்வளவு என்று முடிவாகும்.

அந்தச் சோதனைக்கு வந்தவர்தான் பழனிச்சாமி. ஹனூர் பக்கத்து விவசாயி, பட்டுப்புழு வளர்ப்பவர். கூடவே அவர் மனைவி மாராத்தாள். நோய் வந்தது எப்படித் தெரிந்தது என்று டாக்டர் கேட்டபோது அந்த அம்மாதான் சொன்னார்.

"தட்டுல எலை போடுவாருங்க. வலது பக்கம் மட்டும் போட்டுட்டு எடது பக்கம் அப்படியே வெறுந்தட்டா உட்டுருவாருங்க. அந்தப் பக்கத்துப் புழுவெல்லாம் பட்டினி. ஏனுங்க இப்படிப் பண்றீங்கன்னு கேட்டா, எல்லாந்தான் போட்டுட்டேனேங்கறாரு. என்னமோ காத்துக் கருப்புன்னு நெனச்சுப்போட்டனுங்க."

மூளையின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் சிலருக்கு உலகத்தின் இடது பாதி இல்லாமலே போய்விடும். கொள்ளேகாலில் ஒரு டாக்டர் மூளை வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தாராம். நாலே நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்து, தட்டு நிறைய இலை போட்டாராம். மாத்திரை முடிந்ததும் பழையபடி படுக்கை. பிறகு மைசூருக்குக் கொண்டுவந்து, மண்டையில் துளையிட்டுச் சதை எடுத்துப் பார்த்து, லிம்போமா என்று தெரிந்து, கீமோ கொடுத்தார்கள். போனது, திரும்ப வந்துவிட்டது. இனிக் கொடுக்கச் சரியான மருந்து இல்லை என்ற நிலையில்தான் எங்களிடம் அனுப்பினார்கள்.

டாக்டர் வசுந்தரா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பழனிச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இது நான் பொழைக்கறதுக்குங்களா, இல்ல நீங்க தெரிஞ்சுக்கறதுக்குங்களா?"

வேறு டாக்டராக இருந்தால் மழுப்பியிருப்பார். இவர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "முதல்ல நாங்க தெரிஞ்சுக்கறதுக்கு. உங்களுக்கு நல்லது நடக்கலாம். நடக்காமயும் போகலாம்."

பழனிச்சாமி தலையாட்டினார். "அப்பச் சரிங்க. புதுத் தோட்டத்து எலை வந்தா நாங்களும் முதல்ல ஒரு தட்டுக்குத்தான் போட்டுப் பாப்போமுங்க. அது தின்னு நல்லாருந்தாத்தான் மத்த தட்டுக்கு."

வெளியே வந்ததும் டாக்டர், "நோடி ரெஜினா, இவ்வளவு நாளா நான் பக்கம் பக்கமா விளக்கறதை அந்த மனுஷர் ஒரு தட்டுல சொல்லிட்டார்," என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார்.

மருந்து போடும் முறையைச் சொல்லியாக வேண்டும். முதலில் தலைத்தோலுக்கு அடியில் ரப்பர் குமிழ் ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூளைக்குள் நீர் இருக்கும் இடம் வரை போகும். வெளியே பார்த்தால் சின்னப் புடைப்பு மாதிரி இருக்கும். மருந்து போடும் நாளில் அந்த இடத்து முடியை நான் சிரைப்பேன். மஞ்சள் பழுப்புக் கிருமிநாசினியை நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் தடவுவேன். அது தானாகக் காய வேண்டும். டாக்டர் கையுறை போட்ட கைகளைக் கும்பிடுவது மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். மருந்துப் பெட்டி வந்ததும் பெயரையும் எண்ணையும் நான் ஒரு தடவை உரக்கப் படிப்பேன், அவர் ஒரு தடவை படிப்பார். பிறகு மெல்லிய ஊசியைச் சாய்த்துக் குமிழுக்குள் விட்டு, முதலில் மூளைநீரைக் கொஞ்சம் வெளியே எடுப்பார். குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தால் எங்களுக்கு மூச்சு வரும். எடுத்த அளவுக்கு மருந்தை உள்ளே விடுவார். அத்தனை மெதுவாக ஒருவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சிரிஞ்சைப் பார்த்தால் அசைவதே தெரியாது. கை அதைச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் பட்டுப்புழுவுக்கு எத்தனை தடவை தோல் உரியும் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் குமிழைக் கட்டைவிரலால் லேசாக அமுக்கி அமுக்கி விடுவார்.

அதற்குப் பிறகு என் ராஜ்ஜியம். காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி. என் விரல்களைப் பிடித்து அழுத்தச் சொல்வேன். குளிர் நடுக்கம் வரலாம், தலைவலி வரலாம், வாந்தி வரலாம். வந்தால் மருந்துகள் தட்டில் தயாராக இருக்கும்.

பழனிச்சாமிக்கு ஒன்றுமே வரவில்லை. ஒரு நடுக்கம்கூட இல்லை. அடுத்த முறையும் அப்படியே. குளித்து, தலைவாரி, வெள்ளை வேட்டி சட்டையில் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து படுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க சிஸ்டரம்மா, நல்லாருக்கறனுங்க," என்பார். ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த ஸ்கேனில் தேட வேண்டியிருந்தது. எங்கள் பிரிவே கொண்டாடியது. தேவராஜ மொஹல்லாவிலிருந்து யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள்.

டாக்டர் மட்டும் அந்த இனிப்பைத் தொடவில்லை. அவருக்கு நல்ல சேதி வந்தால் முகம் இறுகிவிடும். "காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, ஆனா சர்க்கரை மட்டும் ஏறியிருக்கு. ஏன் ரெஜினா? இவருக்குச் சர்க்கரை கிடையாதே," என்று ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வழியில பஸ் ஸ்டாண்டுல ஸ்வீட் சாப்ட்டிருப்பார் மேடம். நல்லது நடந்தா நடந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"போகட்டும். ஆனா அடுத்த டோஸ் யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்லே?"

தெரியும். ஹெப்பாள் பக்கம் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அதே நோய். பழனிச்சாமி குழுவின் அளவு பத்திரமானது என்று முடிவானால், அந்த அம்மாவுக்கு அதைவிடக் கூடுதலாகப் போடுவோம். அவர் படுக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அவர் தலையில் குமிழ் வைத்தாகிவிட்டது.

அன்று மத்தியானம் பழனிச்சாமிக்கு ஊசி போட்ட பிறகு, வராந்தாவில் மாராத்தாள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலையில் பழனிச்சாமி கேண்டீனில் இட்லி மேல் இட்லியாகச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். அதையே பேச்சாக எடுத்தேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் காலைல பிச்சு வாங்கிட்டாரே! வீட்லயும் இப்படித்தான் சாப்பிடறாரா?"

"ஊட்டுல எங்கீங்க! ஒரு வாய் தின்னாப் பெருசுங்க. சோந்து சோந்து படுத்துக்குவாரு. ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கு மட்டுந்தானுங்க இப்படி. ராவெல்லாம் தூக்கமே இல்லாம, எப்படா விடியும்னு பேசிட்டே இருப்பாரு." பெருமையாகத்தான் சொன்னார்.

கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன். பசி, தூக்கமின்மை, ஓயாத பேச்சு, சர்க்கரை. புற்றுநோய் வார்டில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா?

"அக்கா, இங்க வர்றதுக்கு முன்னால ஏதாவது குடுக்கறீங்களா அவருக்கு?"

"வேற ஒண்ணுமில்லீங்க. அந்தப் பழைய வீக்க மாத்திரைதான், கடையில பழைய சீட்டக் காட்டி வாங்கறதுங்க. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாலருந்து குடுப்பனுங்க. தெனமுமெல்லாம் இல்லீங்க, நீங்கதான் வேற மருந்து சாப்புடக் கூடாதுன்னீங்களே. இங்க வர்றதுக்கோசரம் மட்டுந்தானுங்க."

"எதுக்குக்கா?"

அந்த அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதென்ன கேள்வி என்பது போல. "டாக்டரம்மா இத்தனை பாடுபட்டுப் பாக்கறாங்க. அவங்க முன்னால போயி, நீங்க போட்ட ஊசில சொகமில்லைன்னு சுருண்டு படுத்துக் கெடந்தா நல்லாருக்குங்களா? குறை சொல்ற மாதரி ஆயிருமுங்களே. அவங்க மனசு சங்கடப்படாதுங்களா?"

குளிப்பாட்டி, தலைவாரி, சலவை வேட்டி கட்டிக் கூட்டி வருவது போலவேதான் மாத்திரையும். பெரியவர்கள் முன்னால் போகும்போது நல்லபடியாகப் போக வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு.

விஷயம் என்னவென்றால், அந்த வீக்க மாத்திரை ஸ்டீராய்டு. பசி, தூக்கமின்மை, சர்க்கரை எல்லாம் அது செய்யும் வேலை. மூளை லிம்போமாவுக்கு அதைக் கொடுத்தால் கட்டி ஸ்கேனில் இருந்த இடம் தெரியாமல் போகும். நிறுத்தினால் போனது திரும்ப வந்து உட்காரும். அது மட்டுமில்லை, மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் காய்ச்சலையும் நடுக்கத்தையும் அதே மாத்திரை அமுக்கிவிடும். ஆக, எங்களுக்கு இரண்டுமே தெரியாது. அவரைக் குணமாக்குவது எங்கள் மருந்தா, அந்தம்மா கொடுத்த மாத்திரையா? மருந்து நிஜமாகவே பத்திரமானதா, இல்லை மாத்திரை மூடி வைத்திருக்கிறதா? இதை நம்பி டீச்சருக்குக் கூடுதல் அளவு போட இருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் மாடி வரை கேட்கும். வராந்தாவிலேயே கத்திவிட்டேன். "என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க! இவருக்கும் ஆபத்து, இன்னொருத்தருக்கும் ஆபத்து!" மாராத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை ஒரு நிமிடம் மூடினார். பிறகு ஸ்டூலை எடுத்து வரச் சொன்னார். அந்த நேரத்திலும் ஸ்டூல்!

பழனிச்சாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மாராத்தாளையும் உட்கார வைத்துக்கொண்டு டாக்டர் பேசினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"பழனிச்சாமி, நீங்கதான் முதல் தட்டுன்னு அன்னிக்குச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"முதல் தட்டுல புழு சோந்து கிடக்கு. ஆனா நீங்க பாக்க வர்ற நேரத்துல மட்டும் யாரோ அதுக்கு ஏதோ குடுத்து நெளிய வெச்சிடறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

பழனிச்சாமி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"அதே எலைய மத்த தட்டுக்கெல்லாம் போட்டுருவனுங்க."

"போட்டா?"

"கொட்டாய் பூராப் போயிருமுங்க, டாக்டரம்மா."

"அதான். நீங்க குறை சொன்னா எனக்கு வருத்தம் இல்லை. அதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். சொல்லலேன்னாதான் எனக்கு வேலையே இல்லை."

மாராத்தாள் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி ஊசி கெடையாதுன்னு சொல்லிப்போடாதீங்க சாமி. நாந்தானுங்க தப்புப் பண்ணுனது, அவரு இல்லீங்க."

அதுதான் அப்போது முக்கியமான கேள்வி. விதிப்படி அவரைச் சோதனையிலிருந்து எடுத்துவிடலாம். டாக்டர் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சோதனையை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு எழுதி அனுப்பினார். டீச்சரின் டோஸை நிறுத்தி வைத்தார். டீச்சரின் அண்ணன் போன் செய்து, "என் தங்கச்சிக்கு நாள் போயிட்டே இருக்கு சிஸ்டர்," என்று என்னிடம் கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது. ஒருவழியாகப் பதில் வந்தது: மாத்திரையை டாக்டர் பார்வையில் குறைத்து நிறுத்துங்கள், சில வாரம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுங்கள், கட்டி திரும்பவில்லை என்றால் மட்டும் தொடரலாம்.

அந்தச் சில வாரங்கள் எனக்கு நினைத்துப் பார்க்கவே பிடிக்காது. மாத்திரை இல்லாமல் வந்த பழனிச்சாமி வேறு ஆள். வேட்டி அதே வெள்ளைதான், ஆனால் உள்ளே மனுஷர் துவண்டிருந்தார். இட்லியைத் தொடவில்லை. மாராத்தாள் என்னைப் பார்த்த பார்வையில், நல்லா இருந்த ஆளை இப்படிப் பண்ணிவிட்டாயே என்றுதான் இருந்தது. கட்டி திரும்பிவிட்டதோ என்று எனக்கும் பயம். சர்ச்சுக்குப் போனால் ஜெபம் வாயில் வரவில்லை, ஸ்கேன் படம்தான் கண்ணில் வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நாள் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "அப்போ யார்கிட்ட போய் உண்மையைக் கேக்கறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஸ்கேன் அன்று டாக்டரும் நானும் படம் வரும் திரைக்கு முன்னால் நின்றோம். டாக்டர் பழைய படத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடுக்காக மேலிருந்து கீழே இறங்கினார். ஒரு தடவை இறங்கி முடித்து, மறுபடி மேலே போய் இறங்கினார்.

"மேடம், சொல்லித் தொலைங்களேன்!"

"இல்லை, ரெஜினா."

"என்ன இல்லை?"

"கட்டி இல்லை. திரும்பி வரலை. நம்ம மருந்துதான்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, வெட்கம் இல்லாமல் அழுதேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்ட அழாமல் இருக்கும் பாடம் அன்று போயிற்று. அன்று மிச்சமிருந்த நாள் முழுக்க உடம்பு லேசாகி, வராந்தாவில் போகிறவர்களை எல்லாம் காரணம் இல்லாமல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாராத்தாளிடம் சொன்னபோது அந்த அம்மா பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

ஆனால் கதையின் மறுபாதி அடுத்த ஊசியில்தான் தெரிந்தது. மாத்திரை இல்லாமல் போட்ட முதல் ஊசி அது. டாக்டர் முன்னைவிட மெதுவாக மருந்தை விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பழனிச்சாமியின் தாடை லேசாக ஆட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாராத்தாளைப் பார்த்தார், அந்த அம்மா சொல்லுங்க என்பது போலத் தலையை ஆட்டினார்.

"சிஸ்டரம்மா," என்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க. குளுருதுங்க. தலை வெடிக்கற மாதரி வலிக்குதுங்க."

"தப்பா நெனைக்கவா! சொல்லுங்கண்ணா, இன்னும் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப் போய் தட்டை எடுத்தேன். காய்ச்சல் ஏறியது, இரண்டு முறை வாந்தி எடுத்தார். டாக்டர் அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் எல்லாம் அடங்கி, கஞ்சி கேட்டார். இதைவிடக் கூடுதலான அளவு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், அந்த டீச்சருக்குப் போயிருக்கும்.

அளவைக் கூட்டவில்லை. டீச்சருக்கும் அதே அளவுதான், முன்னெச்சரிக்கை மருந்தோடு, இன்னும் மெதுவாக. அவருக்கும் காய்ச்சல் வந்தது, எதிர்பார்த்த காய்ச்சல், சொல்லிவைத்த மாதிரி இறங்கியது. பிறகு வேறு சிகிச்சையும் எடுத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். அந்த மருந்து எல்லோருக்கும் வேலை செய்தது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் செய்தது, சிலருக்குச் செய்யவில்லை. அதைத் தெரிந்துகொள்வதுதான் எங்கள் வேலையாக இருந்தது. அதைச் சரியாகத் தெரிந்துகொண்டோம் என்பதில்தான் எனக்கு நிம்மதி.

இனி, போன மாதம் பாதியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். நான் அக்ஷதாவிடம் பழனிச்சாமியின் வெள்ளை வேட்டி வரைதான் வந்திருந்தேன். மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் கீச்சிட்டது. வெளியே காத்திருக்கும் கூடத்தில் யாரோ கண்ணீர் விடும் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். இந்த டேப்லெட் வந்த பிறகு அதை ஒருவர் தொடுவது அதுதான் முதல் தடவையாம். பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடினார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் நாற்காலியில் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார் பழனிச்சாமி. வருடா வருடம் வரும் பரிசோதனைக்கு வந்திருக்கிறார். முடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் மாராத்தாள், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக.

"என்ன ஆச்சு சார்? எங்க வலிக்குது? தலையா?" மூச்சு வாங்கக் கேட்டாள் அக்ஷதா.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு. இந்தக் காபிதானுங்க." கையில் இருந்த காகித டம்ளரைக் காட்டினார். "வாயில வெக்க முடியலீங்க. எது சரியில்லைன்னாலும் மறைக்காமச் சொல்லோணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க." அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, சிஸ்டரம்மா! நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு காபிங்களா?"

வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதே கேண்டீன், அதே கழுநீர். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் காபியைத்தான் குடித்தேன். கேண்டீன்காரர் தினமும், "காபி நல்லாருக்கா சிஸ்டர்?" என்று கேட்பார். நல்லாருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.